முத்திரை விழுந்த திகதி

இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்குப் படிப்பில் விசேட உதவி வேண்டுமென்று கேட்டு ஒரு கடிதம் போனால், அதை ஆராய்ந்து, முடிவெடுத்து, திட்டத்தை எழுதிப் பெற்றோரின் கையில் கொடுக்க உள்ளூர்க் கவுன்சிலுக்குச் சட்டம் விதித்திருக்கும் கெடு 20 வாரம். 2024ஆம் ஆண்டில் எழுதப்பட்ட புதிய திட்டங்களில் 46.4 வீதம்தான் அந்தக் கெடுவுக்குள் முடிந்தன. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கெடு தாண்டியும் காத்திருந்தார்கள்.

நான் லண்டனின் மேற்குப் பக்கத்துக் கவுன்சில் ஒன்றில், இந்தக் கடிதங்கள் வந்துசேரும் பிரிவில் கிளாக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 90களின் தொடக்கத்தில் சேர்ந்தபோது அதற்கு 'ஸ்டேட்மென்ட் செக்‌ஷன்' என்று பெயர். நாட்டில் பெயரும் சட்டமும் மாறின. என் மேசையில் இருந்த திகதி முத்திரை மாறவில்லை. கோயில் தேர்முட்டியிலும் கலியாண மண்டபத்திலும் சனம் இன்றைக்கும் என்னை மறித்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, ஏன் இவ்வளவு சுணக்கம்?"

ஆளில்லை, காசில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வடை எடுக்கப் போய்விடலாம். பொய்யும் அல்ல. ஆனால் அது பாதிப் பதில். இந்தச் சுணக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. அந்த நூறு வருஷத்தின் முதல் பாதியில் பெற்றோர் சுணக்கத்தைத் திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சுணங்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்கள்.

1870ஆம் ஆண்டுச் சட்டம் ஊருக்கு ஊர் பாடசாலைச் சபைகளை உண்டாக்கியது. 1880இல் வரவு கட்டாயமாயிற்று. அதுவரை வயலிலும் அடுப்படியிலும் தெருவிலும் நின்ற பிள்ளைகள் எல்லோரும் வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் அரசு பாடசாலைக்குக் கொடுத்த மானியம் பிள்ளைகளின் பெறுபேற்றைப் பார்த்து அளந்து கொடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் கேட்பார். முதலாந் தரத்தையே தாண்டாத பிள்ளை ஆசிரியருக்கு நட்டக் கணக்கு. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை இந்த நாட்டுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது வைத்தியம் அல்ல, அந்த மானியக் கணக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். கிளாக்குகள் அப்படித்தான் யோசிப்போம்.

1892இல் லெஸ்டரிலும் லண்டனிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் தொடங்கின. 1893இல் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்குச் சட்டம் வந்தது. 1899இல் வந்த இன்னொரு சட்டம், கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கும் சபைகள் விரும்பினால் பாடசாலை நடத்தலாம் என்றது. விரும்பினால்தான். பின்தங்கிய பிள்ளைகள் விஷயத்தில் அது கடமையாக மாற 1914 ஆயிற்று. ஒரு சொல்லை மாற்ற 15 வருஷம் எடுத்த நாடு இது.

1913இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட் என்ற இளைஞரை உளவியலாளராக நியமித்தது. ஒரு கல்விச் சபை சம்பளம் கொடுத்து வைத்த முதல் உளவியலாளர் அவர்தான் என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். இறந்த பிறகு, இரட்டைப் பிள்ளைகள் பற்றிய அவருடைய ஆராய்ச்சி எண்கள் இட்டுக்கட்டியவை என்று பெரிய சர்ச்சை கிளம்பியது வேறு கதை. எனக்கு அந்த நியமனத்தில் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அது அரை நேர வேலை. லண்டன் முழுவதற்கும் ஒருவர், அவரும் அரை நேரம்.

மற்றது, அதே வருஷத்து மனக்குறைபாட்டுச் சட்டம். ஏழு வயதிலிருந்து பதினாறு வரையான பிள்ளைகளில் யார் யார் 'குறைபாடுள்ளவர்' என்று கண்டறிவது கல்விச் சபையின் கடமை. விசேட பாடசாலையில்கூடப் படிப்பிக்க முடியாது என்று தோன்றும் பிள்ளையின் பெயரை இன்னொரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குழுவின் கையில் இருந்தவை ஊருக்கு ஒதுக்குப்புறமான பெரிய விடுதிகள். பிள்ளையாகப் போனவர்கள் அங்கேயே நரைத்துப்போனதும் உண்டு.

அப்படியென்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? வைத்தியரின் பரிசோதனை நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். வேறு பேட்டைக்கு வீடு மாறுவாள். 1929இல் அரசுக்கு அறிக்கை கொடுத்த வுட் குழு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பதிவேட்டில் இல்லை. பிள்ளைக்குச் சான்றிதழ் எழுதி முத்திரை குத்தும் வழக்கத்தையே ஒழியுங்கள் என்று அந்தக் குழு கேட்டது. அந்தக் கடதாசிக்குச் சனம் எவ்வளவு பயந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அடுத்த வருஷ விதிகளும் பிள்ளைகளைப் பதினொரு வகையாகப் பிரித்தன. பார்வையற்றோர், பகுதிப் பார்வையுள்ளோர், காது கேளாதோர் என்று தொடங்கி நீரிழிவு, வலிப்பு, பேச்சுக் குறைபாடு எல்லாம் அதில் அடங்கும். எண்ணிக்கையில் மிகப் பெரிய வகை, கல்வியில் வழமைக்குக் கீழானவர்கள் என்ற ஒன்று. ஆங்கிலத்தில் அதை ஈ.எஸ்.என். என்று மூன்றெழுத்தாகச் சுருக்கிப் பாடசாலை வாசலிலேயே சொல்லுவார்கள். யார் எந்த வகை என்று தீர்மானிப்பவர் பாடசாலை வைத்திய அதிகாரி. அவர் நிரப்பும் படிவத்துக்கு 2எச்.பி. என்று இலக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய கோப்பறையில் அந்தப் படிவங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தச் சபைக்கு அதிகாரம் இருந்தது. வராவிட்டால் அபராதமும் இருந்தது. எத்தனை நாளுக்குள் உதவி கொடுக்க வேண்டும் என்று சபைக்கு மட்டும் எந்தக் கெடுவும் இல்லை.

நுண்ணறிவு எண் 50க்குக் கீழே என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பிள்ளை பாடசாலையில் கல்வி பெற இயலாதது என்று வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதோடு கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு முடிந்தது. இனிமேல் சுகாதாரத் திணைக்களம் பார்க்கும். மகளுக்குப் பாடசாலை கிடைக்காத ஜூடி ஃப்ரைட் என்ற தாய், 1946இல் 'நேர்சரி வேர்ல்ட்' சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைப்போன்ற பெற்றோர் இருந்தால் ஒன்றுசேர்வோம் என்று அழைத்த அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களில் பிறந்த சங்கம்தான் இன்றைய மென்கேப். அந்தத் தாய்மாரின் விடாப்பிடியில் கால் நூற்றாண்டு போய், 1970இல் சட்டம் மாறி, 1971 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் கல்வித் திணைக்களத்தின் பிள்ளைகள் என்று ஆயிற்று. பயிற்சி நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்த 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் மாணவர் ஆனார்கள். 1870இலிருந்து எண்ணினால் இந்தக் காத்திருப்பு 101 வருஷம். இதைவிட நீண்ட சுணக்கத்தை நான் எந்தக் கோப்பிலும் பார்க்கவில்லை.

அதே 1971இல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எழுதியவர் பெர்னார்ட் கோர்ட், கிரெனடாத் தீவுக்காரர், லண்டனில் ஈ.எஸ்.என். பாடசாலைகளில் படிப்பித்தவர். கரீபியன் பிள்ளைகளை அந்தப் பாடசாலைகளுக்கு விகிதத்துக்கு மீறி அனுப்புகிறார்கள், பிள்ளையின் பேச்சு வழக்கையும் வந்து இறங்கிய அதிர்ச்சியையும் மந்தபுத்தி என்று எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம். பதிப்பித்தது லண்டனின் நியூ பீக்கன். கறுப்பினப் பெற்றோர் கூட்டம் கூட்டமாக வாங்கிப் படித்தார்கள். (கோர்ட் பின்னாளில் கிரெனடாவின் துணைப் பிரதமராகி, 1983இல் பிரதமர் மொரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் நீண்ட காலம் சிறையில் இருந்தார். ஒரு மனிதனுக்குள் எத்தனை மனிதர்.) அந்தத் தலைமுறைப் புலம்பெயர்ந்தோரின் முறைப்பாட்டில் சுணக்கம் என்ற சொல்லே கிடையாது. பிள்ளையை இவ்வளவு அவசரமாக எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் அவர்களின் கேள்வி.

ஆக, 1970கள் வரைக்கும் அந்தக் கடதாசி பிள்ளையை வெளியே அனுப்பும் கதவு. அது உள்ளே வரும் கதவாக மாறிய இடத்துக்கு இப்போது வருகிறேன்.

1973 கடைசியில், அப்போது கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் ஒரு விசாரணைக் குழுவை அறிவித்தார். தலைவர் மேரி வார்னொக், ஒக்ஸ்ஃபோர்டில் தத்துவம் படிப்பித்தவர், ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராகவும் இருந்தவர். 1978இல் அறிக்கை வெளியானபோது அரசு மாறியிருந்தது. பிள்ளைகளை நோயின் பெயரால் வகைப்படுத்துவதை விடுங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பாருங்கள் என்று அது சொன்னது. பாடசாலைக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு விசேட உதவி தேவைப்படும் என்றும் கணக்கிட்டது. அவர்களில் மிகக் கடுமையான தேவையுள்ள சிறு பகுதிக்கு, ஏறத்தாழ 2 வீதத்துக்கு, சட்டப்படி எழுதிவைத்த பாதுகாப்பு வேண்டும் என்பது எண்ணம். அந்த எழுத்துத்தான் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஸ்டேட்மென்ட்' ஆயிற்று. அதற்குள் தாட்சர் பிரதமர். சட்டம் 1983 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதோடு புதிதாக ஒரு பென்னிகூட வரவில்லை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். உதவி தேவைப்படுவோர் 20 வீதம். உரிமைப் பத்திரம் கிடைப்போர் 2 வீதம். நடுவில் நிற்கும் 18 வீதத்துக்கு ஆசிரியரின் நல்ல மனசுதான் துணை. பாடசாலையிடம் காசு இருக்கும்வரை நல்ல மனசு போதும். காசு இறுகிய அன்று, கையில் கடதாசி இல்லாத பிள்ளையின் உதவிதான் முதலில் வெட்டுப்படும். இதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. தாத்தா பாட்டி காலத்தில் ஓடி ஒளிந்த கடதாசிக்கு இவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை என்று ஒன்று பிறந்தது அப்போதுதான்.

நான் சேர்ந்தபோது இருந்தது அந்த 1981 சட்டம். அதில் ஒழுங்கு இருந்தது, கடிகாரம் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் அறிக்கை, வைத்தியர் அறிக்கை, கல்வி உளவியலாளர் அறிக்கை என்று மூன்று வரவேண்டும். ஆசிரியர் அறிக்கை வந்திருக்கும், வைத்தியருடையது வராது. அது வரும்போது ஆசிரியருடையது பழசாகிவிட்டது என்று உளவியலாளர் திருப்பி அனுப்புவார். பிறகு பெரிய விடுமுறை. கோப்புகள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் மறுபடி என் மேசைக்கே வந்து நிற்கும். பிள்ளை இதற்கிடையில் ஒரு வகுப்பு ஏறியிருக்கும். எங்கள் இடம் மட்டும் இப்படி என்று நினைத்திருந்தேன். 1992இல் ஆடிட் கமிஷனும் அரச பாடசாலை இன்ஸ்பெக்டர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஒரு ஸ்டேட்மென்ட் எழுதச் சபைகள் சராசரியாக ஒரு வருஷம் எடுக்கின்றன என்று சொன்னது. எங்கள் பிரிவில் அதைப் படித்தபோது வெட்கத்தைவிட ஆறுதல்தான் அதிகம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கடிகாரம் வந்தது 1994 செப்டம்பரில். புதிய நடைமுறைக் கோவை கெடுக்களை வாரம் வாரமாகப் பிரித்துப் போட்டது: ஆராய்வதா இல்லையா என்று தீர்மானிக்க 6, ஆராய 10, வரைவு எழுத 2, முடிந்த பத்திரம் கொடுக்க 8. கூட்டினால் 26. அதே மாதம் பெற்றோர் முறையிட ஒரு தீர்ப்பாயமும் தொடங்கிற்று. ஒரே இரவில் என் முத்திரைக்கு மரியாதை வந்துவிட்டது. அதற்கு முன் கடிதம் எப்போது வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு அதிகாரிகள் முதலில் பார்த்ததே முத்திரையில் உள்ள திகதியைத்தான். 26 வாரமும் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

சுணக்கத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சட்டத்தின் கடிகாரம் முத்திரை விழுந்த பிறகுதான் ஓடும். அதற்கு முன் பிள்ளை எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது ஓரிடத்திலும் எண்ணப்படாது. ஆகவே கெடு வந்ததும் காத்திருப்பு குறைந்தது என்று சொல்லமாட்டேன். அது மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, வாசலுக்கு வெளியே, நகர்ந்தது. பாடசாலைகளில் புதிய பேச்சுகள் கேட்டன. இன்னும் ஒரு தவணை பார்ப்போம். முதலில் எங்கள் உதவியைச் செய்து பார்ப்போம். உளவியலாளர் வருஷத்துக்கு ஒருதரம்தான் வருவார், அடுத்த முறை இவனைக் காட்டுவோம். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இவற்றில் சில நியாயமும்கூட. ஆனால் ஒன்றையும் சட்டம் நிபந்தனையாகக் கேட்கவில்லை. இன்றைய சட்டமும் கேட்பது இவ்வளவுதான்: பிள்ளைக்கு விசேட தேவை இருக்கலாம், அதற்குத் திட்டம் ஒன்று அவசியப்படலாம். இருக்கலாம், படலாம். அதற்கு மேல் இல்லை.

எங்கள் சனத்துக்கு என்று தனியாக ஒரு சுணக்கமும் இருந்தது. 1983ஆம் ஆண்டு இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வந்து நிறைந்தன. மூன்று வயதிலும் சொல் வராத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் நேர்சரிக்குப் போனால், வீட்டில் தமிழ், இங்கே ஆங்கிலம், அதனால் குழம்பிப்போயிருக்கிறான், போகப்போகச் சரியாகும் என்பார்கள். 1981 சட்டத்தில் ஒரு நல்ல வரி உண்டு. வீட்டு மொழி வேறு என்ற காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று கொள்ளக் கூடாது என்கிறது. 2014 சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. கோர்ட் எழுதிய அநியாயம் திரும்ப நடக்காமல் தடுக்க இதைவிடத் தெளிவான வரி கிடையாது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டே, உண்மையாகவே ஓட்டிசம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளை இரண்டு வருஷம், மூன்று வருஷம் பொறுக்கவைத்ததை நான் கண்டிருக்கிறேன். மொழியால் வந்த குழப்பம் என்றால் தமிழிலாவது பேச்சு வந்திருக்க வேண்டுமே? அதைத் தமிழில் கேட்டுப் பார்க்க ஆளில்லை. தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் என்பது அன்றைக்குக் கேள்விப்படாத ஒன்று. சில தாய்மார், நேர்சரிக்காரர் சொன்னார்கள் என்று வீட்டில் தமிழையே நிறுத்திவிட்டு, தங்களுக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு கதைத்தார்கள். தாயோடு இருந்த ஒரு பாலமும் அதோடு போயிற்று.

மற்றப் பாதியை எங்கள் ஆட்களே செய்தார்கள். "கந்தோர்ப் பதிவிலை பெயர் ஏறினால் தங்கச்சியின்ரை கலியாணம் என்னாகும்?" என்று ஒரு தகப்பன் என்னைக் கேட்டார். அந்தத் தங்கச்சிக்கு அப்போது வயது நான்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1920களில் வீடு மாறிய லண்டன் தாய்க்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அவளுக்கு விடுதி, இவருக்கு ஊர்வாய். இப்போதைய இளம் பெற்றோர் அப்படி இல்லை. வாட்ஸப் குழுக்களில் 'எஃப் பகுதியில் என்ன எழுத வேண்டும்' என்று விவாதிக்கிறார்கள்.

எஃப் பகுதி என்பது இன்றைய திட்டத்தில் கல்வி உதவியை எழுதும் இடம். பழைய ஸ்டேட்மென்டில் அது மூன்றாம் பகுதி. எந்தப் பகுதியில் எழுதுகிறார்கள் என்பதில் பிள்ளையின் வாழ்வே தங்கியிருந்தது. பேச்சுப் பயிற்சியை மூன்றாம் பகுதியில் எழுதினால் கொடுத்தே ஆக வேண்டும். கல்வி சாராத உதவி என்று ஆறாம் பகுதியில் எழுதினால் கிடைத்தால் கிடைத்தது. பேச்சுப் பயிற்சியும் கல்விதான் என்று 1989இல் லங்காஷயர் வழக்கில் நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பயிற்சி ஆறாம் பகுதிக்கு நழுவுவது நிற்கவில்லை. பத்திரம் கெடுவுக்குள் வந்தது என்று கணக்கில் ஏறும். அதில் எழுதிய பயிற்சியாளர் எப்போது வந்தார் என்பதற்கு முத்திரை கிடையாது.

சுணக்கத்துக்கு விலை உண்டு என்பதைப் பெரிய நீதிமன்றம் ஒருமுறை சொல்லியிருக்கிறது. ஹில்லிங்டனில் படித்த ஒரு பெண்ணுக்கு டிஸ்லெக்சியா இருந்ததைக் கவுன்சிலின் உளவியலாளர் கண்டுபிடிக்கவில்லை. பாடசாலைக் காலம் முடியும் தறுவாயில்தான் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஏழு பேர் அமர்ந்து, இப்படிப்பட்ட கவனக்குறைவுக்குக் கவுன்சில் நட்டஈடு கொடுக்க வேண்டியதுதான் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு வந்த கிழமை எங்கள் பிரிவில் ஒருவரும் பகிடி விடவில்லை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டிஸ்லெக்சியாவைத் தனி வகையாகக் குறிப்பிட வேண்டாம் என்று 70களிலேயே அமைச்சு அதிகாரிகள் தன் குழுவுக்குச் சொன்னதாக வார்னொக் அம்மையார் பின்னாளில் எழுதினார். 2005இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், தான் பெற்ற ஸ்டேட்மென்ட் முறையையே மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2019இல் காலமானார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். கூடக் காசு வரும் என்று நம்பி எழுதிய வாக்குறுதி அது.

2014 செப்டம்பரில் ஸ்டேட்மென்ட் போய், கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த இன்றைய திட்டம் வந்தது. 26 வாரம் 20 ஆயிற்று. 19 வயது 25 ஆயிற்று. கடிகாரத்தை வேகமாக்கினார்கள், வேலையைக் கூட்டினார்கள். வேலை செய்பவர்கள்? 2006இலிருந்து கல்வி உளவியலாளர் ஆவதற்கு மூன்று வருஷ முனைவர் படிப்பு வேண்டும் என்று ஆகியிருந்தது. முன்பு, ஆசிரிய அனுபவம் உள்ளவருக்கு ஒரு வருஷப் பட்டம் போதும். தரம் உயர்ந்தது உண்மை. ஆள் வரவு அந்த வேகத்தில் உயரவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் உளவியலாளரின் அறிக்கை கட்டாயம். அதை ஆறு வாரத்தில் தரவேண்டும். பர்ட் காலத்து அரை நேரத்திலிருந்து நாங்கள் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சில நாள் யோசிப்பேன்.

காசுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2013இலிருந்து ஒரு பிள்ளையின் விசேட உதவிக்கு முதல் 6,000 பவுண் பாடசாலை தன் கையிலிருந்து போட வேண்டும், மேலே ஆவதைக் கவுன்சில் தரும் என்று ஏற்பாடு. பாண் விலையும் வாடகையும் ஏறிவிட்டன. அந்த 6,000 அன்று போட்ட இடத்திலேயே நிற்கிறது. 6,000 செலவழித்ததற்குக் கணக்குக் காட்டினால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

முடிவு கணக்கில் தெரிகிறது. ஸ்டேட்மென்ட் பிள்ளைகள் மொத்த மாணவரில் 2.8 வீதம் என்று பல வருஷம் அசையாமல் நின்றார்கள். 2025 ஜனவரியில் திட்டம் உள்ளவர்கள் 5.3 வீதம். 2015இல் 2 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு இருந்த பத்திரம் 2024இல் 5 லட்சத்து 76 ஆயிரம் பேருக்கு. 2010களின் கடைசியில் கெடுவுக்குள் முடிந்தவை 60 வீதமளவில் இருந்தன. பிறகு இறங்கி, நான் தொடக்கத்தில் சொன்ன எண்ணுக்கு வந்து நிற்கின்றன. தீர்ப்பாயத்தில் விசாரணை முடிந்த முறையீடுகளில் ஓரளவுக்காவது பெற்றோர் பக்கம் தீர்ப்பாவது 98 வீதமளவு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வழக்கில் தோற்கும் ஒரு கவுன்சில் ஏன் திரும்பத் திரும்ப மறுக்கிறது? மறுத்தால் எல்லாரும் வழக்குக்குப் போகமாட்டார்கள். போகிறவர்கள் தீர்ப்பு வாங்கி வரும்வரைக்கும் அந்த மாதங்களின் செலவு மிச்சம். இதை யாரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. அத்தனை வருஷம் மேசையில் இருந்தவனுக்கு எழுதித் தரவேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது மறுபடி சீர்திருத்தப் பேச்சு. 2025 இலையுதிர்காலத்தில் வரவேண்டிய வெள்ளை அறிக்கையை 2026க்குத் தள்ளிவைத்தார்கள். சுணக்கத்தைத் தீர்க்கும் அறிக்கையே சுணங்கியது. "புதுச் சட்டம் வரப்போகுதாம், அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லினம்" என்று போன கிழமை ஒரு பிள்ளையின் தாய் தொலைபேசியில் சொன்னார். 1981 சட்டம் நடைமுறைக்கு வர 1983 ஆயிற்று. 2014 சட்டத்துக்குப் பழைய பத்திரங்களை மாற்றி முடிக்க 2018 மார்ச் வரை தவணை கொடுத்தார்கள். அவருடைய மகனுக்கு இப்போது ஆறு வயது. பாடசாலை எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டாம், 36ஆம் பிரிவின் கீழ் ஆராயக் கேட்கிறேன் என்று நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கோ, மேலே திகதி போடுங்கோ, ஈமெயிலிலே அனுப்பிக் கிடைத்தது என்ற பதிலை வைத்துக்கொள்ளுங்கோ, அதிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும் என்றேன். ஆங்கிலத்தில் எழுத வராதே என்றார். சொல்லச் சொல்ல எழுதுங்கோ என்று, அவர் பேனை எடுத்து வரும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.